முதல் பாரி ரேணுகா

புதுவயலில் ரேணுகாவைத் தெரியாது என்று யாராவது சொன்னால், ஒன்று அவர்கள் நேற்றுதான் ஊருக்குக் குடிவந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களாக இருக்க வேண்டும். இரண்டாவது ரகம்தான் அதிகம்.

அவள் வேலை பார்க்கும் அரிசி ஆலையில் நான் எடைமேடைக்குப் பொறுப்பு. பெயர் தேவிகா. லாரி உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் எடை பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். மிச்ச நேரமெல்லாம் சன்னல் வழியாகக் களத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவித்த நெல்லை அங்கேதான் கொட்டிக் காயவைப்பார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, இப்படிப் பெண்கள் வரிசையாக நின்று காலாலேயே நெல்லைக் கிளறிக்கொண்டு போவார்கள். அந்த வரிசைக்கு முன்னால் போகிறவள் ரேணுகா. அவள் வேகம்தான் மற்றவர்களின் வேகம். அவள் நின்றால் ஆலையே ஒரு நிமிஷம் நின்ற மாதிரி இருக்கும்.

ஒருமுறை ஒரு தரகர் லாரி நிறைய நெல் கொண்டுவந்தார். மூட்டையில் குத்தூசியைச் செருகி ஒரு பிடி நெல்லை எடுத்துப் பார்த்துத்தான் எங்கள் ஆலையில் வாங்குவார்கள். மேல் வரிசை மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள், நெல் முத்து முத்தாக இருந்தது. தண்ணீர் குடிக்கப் போய்க்கொண்டிருந்த ரேணுகா வழியில் நின்றாள். குத்தூசியை வாங்கினாள். அடி வரிசை மூட்டையில் ஒரு குத்து. கையில் வந்த நெல் ஈரமும் புழுக்க நாற்றமுமாக இருந்தது. களத்துப் பொம்பளைக்கு இதெல்லாம் என்ன வேலை என்று தரகர் எகிறினார். காயப்போடப் போகிறவள் நான், எனக்கு இல்லாத அக்கறை உங்களுக்கு எதற்கு என்று கேட்டுவிட்டு அவள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். லாரி வந்த வழியே திரும்பியது. அன்றைக்கு எனக்கு ஒரு எடைச்சீட்டு மிச்சம்.

அவள் கணவன் மருது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான். வந்தால் அவளோடு சினிமாவுக்குக் காரைக்குடி போவான், மகளுக்குச் செருப்பு வாங்கித் தருவான், திரும்பிப் போய்விடுவான். ஒன்பதாவது படிக்கும் அந்த மகளையும் வீட்டையும் களத்தையும் இவள் ஒருத்தியே கட்டி மேய்த்தாள். புருஷன் பக்கத்தில் இல்லாத பெண்ணை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் வாய்க்குப் பயந்து யாரும் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். பேச ஒரு காரணம் கிடைக்காதா என்று காத்திருந்தவர்கள் இருக்கத்தான் செய்தார்கள்.

ஆலையில் அவளுக்கு இருந்த பெயரைவிடத் தெருவில் இருந்த பெயர் பெரிது. பங்குனியில் அம்மன் கோயில் திருவிழா வரும். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வீட்டில் முளைப்பாரி போடுவோம். மண்சட்டியில் எருவையும் வைக்கோலையும் போட்டு, ஊறவைத்த பயறுகளைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பது. சாயங்காலமானால் முற்றத்தில் கூடிக் கும்மி கொட்டுவோம். கடைசி நாள் பாரியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றி ஊருணியில் கரைப்போம். எங்கள் தெரு ஊர்வலத்தில் முதல் பாரி ரேணுகாவுடையது. பரம்பரை உரிமை எதுவும் கிடையாது. அவள் சட்டியில்தான் பயிர் முழ உயரம் வளரும், அதனால் அவள் முன்னால் போவாள். முதல் பாரி ரேணுகா என்றே பெயராகிவிட்டது. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. இல்லை என்று அவளும் சொன்னதில்லை.

இப்போது ஆயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயி களத்தில் ரேணுகாவுக்கு அடுத்து நடக்கிறவள். ரேணுகாவைவிட ஏழெட்டு வயது மூத்தவள். உறவில் மதினி. அவள் புருஷன் சேவுகப்பெருமாள் அதே ஆலையில் பாய்லர் பார்க்கிறார். ஆயி அதிகம் பேச மாட்டாள், பேசினால் பாதி அம்மனைப் பற்றித்தான் இருக்கும். மாதவிலக்கு நின்று சில வருஷம் ஆகிவிட்டதால் பாரி அறைக்குத் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு முழுக்க அவளிடம்தான். விலக்கானவர்கள் அந்த அறைக்குள் போகக் கூடாது என்பது வழக்கம். ஆயிக்கு அந்தத் தடை இல்லை. எந்த நாளும் போகலாம்.

எங்கள் ஆலைப் பெண்களுக்கு எல்லா நோய்க்கும் ஒரே பெயர்தான்: சூடு. ஒரு பக்கம் நெல் அவிக்கும் ஆவி, இன்னொரு பக்கம் களத்து வெயில், நடுவில் நாள் முழுக்க நிற்கிறோம், பிறகு உடம்பு சூடாகாமல் என்ன செய்யும்? தலைவலி சூடு. கண் எரிச்சல் சூடு. வெள்ளைப்பட்டால் சூடு. நாள் தள்ளிப்போனாலும் முன்னால் வந்தாலும் சூடு. மருந்தும் கைவசம் உண்டு. வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடிப்பது, உச்சியில் நல்லெண்ணெய் வைப்பது, வேலை முடிந்து ஒரு இளநீர். பாதி நோய் இதற்கே அடங்கிவிடும். அடங்காத மீதி எங்கே போகிறது என்று யாரும் யோசித்ததில்லை. நானும்தான்.

போன வருஷத் திருவிழாவுக்கு ஒன்றரை வருஷம் முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் ஆலைக்கு வந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் எங்களை உட்காரவைத்து, கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோயைப் பற்றிப் பேசினார். அதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்றார். தாம்பத்தியத்தில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வருவது. கல்யாணமான பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு காலத்தில் வந்திருக்கும், உடம்பே அதைத் துரத்திவிடும், சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடும். தங்கினால் பத்துப் பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் புற்றாக மாறலாம், முன்கூட்டியே சோதித்தால் மாறுவதற்கு முன்பே எடுத்துவிடலாம் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். எங்கள் ஆட்களுக்குக் காதில் விழுந்தது ஒரே ஒரு விஷயம்தான், அது எப்படி வருகிறது என்பது. கேட்டதும் ஆளாளுக்கு முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். ஆயி சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டு எழுந்தே போய்விட்டாள். கண்ட கண்ட பொம்பளைகளுக்கு வருகிற நோயைப் பற்றிக் குடும்பப் பெண்களிடம் பேச வந்துவிட்டார்கள் என்று அன்று முழுக்க முணுமுணுத்தாள். சோதனைக்குப் போனவர்கள் யார், போகாதவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. நான் போகவில்லை.

போன வருஷத் திருவிழாவுக்கு வருவோம். அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை ஊரில் இருக்கிறவர்கள் ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், படுக்க ஊருக்கு வந்துவிட வேண்டும். பயறு தூவிய முதல் நாள் ஆயி அறைக்குள் போய்த் தண்ணீர் தெளித்தாள். அடுத்த நாள் சாயங்காலம் பாரி வீட்டு வாசலுக்கு வெளியே, தெருவில் உட்கார்ந்துவிட்டாள். தலைவலி என்றாள். அதற்கடுத்த நாளும் தலைவலி. உள்ளே நாங்கள் கும்மி கொட்ட, வெளியே உட்கார்ந்தபடியே அவளும் கைதட்டினாள். தலைவலிக்காரி கைதட்டுவதைப் பார்த்து மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். ரேணுகா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் மதியம் எடைமேடை அறையின் நிழலில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். ரேணுகா சுற்றி வளைக்கவில்லை. எத்தனை நாளாக ரத்தம் படுகிறது என்று நேராகக் கேட்டாள். ஆயி முதலில் புரியாத மாதிரி பார்த்தாள். அப்புறம் தூக்கின் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டே சொன்னாள். பொங்கலுக்கு முன்னாலிருந்தே அவ்வப்போது படுகிறதாம். நின்றுபோன விலக்கைக் களத்துச் சூடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டதாம். வெந்தயம் குடிக்கிறாளாம். புருஷனிடம் சொல்லவில்லை. ஆனால் அம்மன் இருக்கிற அறைக்குள் தெரிந்தே எப்படிப் போவது என்றுதான் வெளியே நின்றுவிட்டாளாம்.

நின்றபிறகு படுவது சூடு இல்லை என்பதாவது எனக்குத் தெரியும். ரேணுகா நாளைக் காலையிலேயே சிவகங்கை பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். ஆயி திருவிழா முடியட்டும் என்றாள். முடிந்தபின் வருவீர்களா என்றால் தூக்கை மூடத் தொடங்கினாள். ரேணுகா விடவில்லை. கடைசியில் ஆயிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த நர்சு சொன்ன சோதனையைத்தான பண்ணச் சொல்லுவாக? நான் ஒருத்தரோட வாழ்ந்தவடீ. எனக்கு எதுக்கு அது?"

ஆயி தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய்விட்டாள். ரேணுகா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே என்றேன். ஆயி மாட்டுக்கன்று இல்லை, அவளாக நடந்து வந்தால்தான் வருவாள் என்றாள். சொல்லிவிட்டுச் சோற்றை மூடிவைத்துக் களத்துக்கு நடந்தாள். ஏதோ ஒன்றை முடிவு செய்கிறாள் என்று பட்டது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பாரி வீட்டு முற்றத்தில் தெருப் பெண்கள் எல்லோரும் இருந்தோம். ஆயி வழக்கம்போல் வாசலுக்கு வெளியே. கும்மி நல்ல வேகம் பிடித்த நேரத்தில் ரேணுகா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். எங்களைத் தாண்டி நடந்து போய் வாசல் நிலையில் கையை வைத்துக்கொண்டு, உள்ளேயும் வெளியேயும் கேட்கும்படி பேசினாள்.

"நானும் ஒருத்தரோட வாழ்ந்தவதான். எனக்கு அந்த வைரஸ் இருந்துச்சு."

அவள் ஆயியின் பக்கம் திரும்பவே இல்லை. ஆயியின் பெயரையும் எடுக்கவில்லை. கும்மியில் தப்பிய தாளத்தைத் திருத்துகிற அதே குரலில்தான் சொன்னாள். நர்ஸ் வந்துபோன வாரமே சோதனைக்குக் கொடுத்திருக்கிறாள். வைரஸ் இருக்கிறது என்று முடிவு வந்திருக்கிறது. சிவகங்கையில் ஒரு மருந்தைத் தடவிப் பார்த்ததில் கர்ப்பப்பை வாயில் ஒரு இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்திருக்கிறது. இது புற்று இல்லை, விட்டால் புற்றாகலாம் என்று சொல்லி, அந்த இடத்தை மட்டும் சூடு வைத்துப் பொசுக்கிவிட்டார்கள். மயக்க மருந்துகூட இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோறாக்கியிருக்கிறாள். வருஷம் கழித்து மறுபடி சோதித்தபோது வைரசும் இல்லை.

"எனக்கு ஒரு வலி இல்ல, ஒரு சொட்டுப் படல. கல்லு மாதிரி இருந்தேன். மூட்டை பாக்க நல்லாத்தான் இருக்கு, அதுக்காகக் குத்தூசி போடாம விடுறமா?" என்றாள்.

யாரோ பின்னாலிருந்து, மருதுக்கு இது தெரியுமா என்று கேட்டார்கள். குரலில் அக்கறை இருந்ததா வம்புக்கான ஆசை இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"இதுவரைக்கும் தெரியாது. இனித் தெரிஞ்சுரும். அதுக்குத்தான் நீங்கள்லாம் இருக்கீகளே."

சொல்லிவிட்டுத் திரும்பி வந்து கும்மி வட்டத்தில் தன் இடத்தில் நின்று கைதட்டத் தொடங்கினாள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இத்தனை பேர் வாயில் தன் பெயரைத் தானே எடுத்துப் போட்டுவிட்டாளே என்ற கோபம். ஒவ்வொருவராகச் சேர்ந்து தட்டினோம். வெளியிலிருந்து மட்டும் கைதட்டல் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன், ஆயி இல்லை.

காலையில் பேருந்து நிறுத்தத்தில் ஆயி ஒரு மஞ்சள் பையோடு நின்றாள். நான் லீவு போட்டுவிட்டு உடன் போனேன். காரைக்குடியில் வண்டி மாறி சிவகங்கை போய்ச் சேரும்வரை மூவரும் பேசியது டிக்கெட் எடுத்தாகிவிட்டதா என்பது மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். கட்டி கண்ணுக்கே தெரிகிறது, சதை எடுத்து அனுப்புகிறோம் என்றார். எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. துணி வைத்து அடைத்து, இன்று ராத்திரி இங்கேதான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆயி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். காப்புக் கட்டியிருக்கிறது, நான் போகிறேன் என்று அரற்றினாள். சேவுகப்பெருமாளுக்குப் போன் போட்டோம். விஷயத்தைக் கேட்டதும் மனிதர் உடைந்துபோய்விட்டார். ஆனாலும் எப்படியாவது ராத்திரிக்குள் ஊருக்குள் கொண்டுவந்துவிடு என்றார், தெய்வக் குற்றமாகிவிடும் என்றார். ரேணுகா போனை வாங்கினாள்.

"அண்ணே, குத்தம்னா அது என் தலையோட போகட்டும். மதினி இங்குட்டுதான் இருக்காக, நானும் இருக்கேன். நீங்க விடிஞ்சதும் வாங்க."

என்னைக் கடைசிப் பேருந்தில் ஏற்றி அனுப்பினாள். மூன்று பேர் காப்பை முறிக்க வேண்டாம், இரண்டு போதும் என்றாள். நான் கிளம்பும்போது ஆயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மன் கோபித்துக்கொள்வாளா என்று கேட்டாள். கேட்டவிதம் சின்னப் பிள்ளை கேட்பது போல இருந்தது. ரேணுகா கட்டிலில் உட்கார்ந்து அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"நீங்க உள்ள வராம நின்னதாலதான எனக்கே தெரிஞ்சுச்சு? டாக்டர்கிட்டப் பொய் சொல்லுவீக, அண்ணன்கிட்டயும் சொல்லுவீக. அம்மன்கிட்டப் பொய் சொல்ல முடியலைல. உங்கள வாசல்ல நிப்பாட்டி வச்சது யாருன்னு நினைக்கிறீக?"

ஆயி அதற்குப் பிறகு படுத்துக்கொண்டாள். நான் பேருந்தில் ஊர் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். பக்கத்துச் சீட்டு அம்மாள் எனக்கு மிக்சர் கொடுத்தார்.

மறுநாள் அவர்கள் ஊருக்கு வந்தபோது செய்தி அவர்களுக்கு முன்பே வந்திருந்தது. திருவிழாக் கமிட்டியில் இருக்கும் வீரபாண்டியன் ரேணுகா வீட்டுக்கு வந்தார். ஆளைத் தப்பு சொல்ல முடியாது, கொண்டுவந்த விஷயம்தான் சங்கடம். காப்பை முறித்துவிட்டதால் இந்த வருஷம் முதல் பாரியை வேறு யாராவது தூக்கட்டும் என்று நாலு பேர் அபிப்பிராயப்படுகிறார்கள் என்றார். காப்பு என்பது சாக்கு என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்த வைரஸ் வந்தவள் முன்னால் போகலாமா என்று முதல் நாள் ராத்திரியே தெருக்குழாயடியில் பேசியிருந்தார்கள். நான் சண்டைக்குத் தயாரானேன். ரேணுகா என்னைப் பார்த்து வாயை மூடச் சொன்னாள். சரி என்று அவரிடம் சொன்னாள். முதல் பாரி என்ன, இந்தத் தடவை எந்தப் பாரியும் வேண்டாம், மதினியோடு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருக்கிறது என்றாள். ஊர்வலத்தன்று அவள் வளர்த்த முழ உயரப் பயிர் வேறொருத்தி தலையில் போனது. ரேணுகா தன் வீட்டு வாசலில் நின்று குலவை போட்டாள். தெருவிலேயே பெரிய குலவை அதுதான். பாரி மறைந்தபிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

மருது நாலைந்து நாள் போன் பேசவில்லை. அவள் களத்தில் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பார்ப்பது என் சன்னலுக்குத் தெரிந்தது. ஒரு மதியம் நெல்லுக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். யாரோ அவனிடம் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லியிருக்கிறார்கள். அவன் அங்கே வேலை பார்க்கும் இடத்து டாக்டரிடம் கேட்டிருக்கிறான். யாருக்கு யாரிடமிருந்து எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, கல்யாணத்துக்கு முந்தியதாகக்கூட இருக்கலாம் என்று அந்த டாக்டர் சொன்னாராம். இவன் அப்புறம் இரண்டு நாள் தன் பழைய கணக்கையெல்லாம் யோசித்துப் பார்த்திருக்கிறான் போலிருக்கிறது. என்னிடமிருந்துதான் வந்ததோ என்று கேட்டு அழுதானாம். யாரிடமிருந்து வந்தால் என்ன, போய்விட்டது, நீ ஒழுங்காகச் சாப்பிடு என்று சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் வெளுத்துத் துவைத்த துணி மாதிரி இருந்தது.

ஆயிக்குப் புற்றுதான் என்று முடிவு வந்தது. நல்ல வேளை, கட்டி பக்கத்து உறுப்புகளுக்கு அதிகம் பரவவில்லை. மதுரையில் கரண்டு வைத்தார்கள், கூடவே வாரம் ஒரு ஊசி. எங்கள் பக்கத்தில் கதிர் சிகிச்சைக்குக் கரண்டு என்றுதான் பேர். ஆயி அங்கேயே ஒரு விடுதியில் தங்கி வைத்தியம் பார்த்தாள். சேவுகப்பெருமாள் பாய்லரை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவளுக்குக் கஞ்சி காய்ச்சப் பழகினார். ஒவ்வொரு ஞாயிறும் ரேணுகா போய்வந்தாள். ஆயி வாந்தி எடுத்தாள், இளைத்தாள், போதும் ஊருக்குப் போகலாம் என்று அடம்பிடித்தாள். அப்போதெல்லாம் ரேணுகா கெஞ்சவில்லை. காப்பை முறித்து, முதல் பாரியை விட்டுக்கொடுத்துக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன், பாதியில் எழுந்து வந்தால் களத்தில் கால் வைக்க விடமாட்டேன் என்று மிரட்டினாள். மிரட்டல் கஞ்சியைவிட நன்றாக வேலை செய்தது.

இங்கே களத்திலும் ஒன்று நடந்தது. யாரும் சொல்லாமலே பெண்கள் இரண்டு பேர் மூன்று பேராகச் சேர்ந்து சுகாதார நிலையத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். ரேணுகாவைக் குழாயடியில் ஏசியவள்தான் முதலில் போனாள் என்பதை நான் பார்த்தேன், அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். நானும் போனேன். ஐந்து நிமிஷ வேலை, இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று வெட்கமாக இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. களத்தில் ஒருத்திக்கு இருந்தது. அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவளும் சிவகங்கை போய்ப் பொசுக்கிக்கொண்டு வந்துவிட்டாள், போகும்போது ரேணுகாவின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். ரேணுகா மகளுக்கு அந்த வைரஸ் வராமல் தடுக்கும் ஊசியும் போட்டாகிவிட்டது. கை வலிக்கிறது என்று அந்தப் பிள்ளை ஒரு நாள் பாத்திரம் கழுவவில்லை.

இந்த வருஷமும் பங்குனி வந்தது. ஆயி சோதனைக்கெல்லாம் போய்வந்துவிட்டாள், இப்போதைக்குக் கட்டி எதுவும் தெரியவில்லை, விடாமல் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். முடி திரும்பவும் அடர்த்தியாகிவிட்டது. களத்துக்கு இன்னும் வருவதில்லை. பாரி அறைக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பயறு தூவிய நாளிலிருந்து கடைசி நாள்வரை அவள்தான்.

கடைசி நாள் சாயங்காலம் மேளக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பாரிகளை எல்லாம் முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்தோம். வீரபாண்டியன் வெளியிலிருந்து, முதல் பாரியை யார் தூக்குகிறீர்கள் என்று கேட்டார். போன வருஷம் தூக்கியவள் என்னைப் பார்த்தாள். நான் ரேணுகாவைப் பார்த்தேன். ரேணுகா தன் சட்டிக்குப் பூச்சுற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. கேட்டு வாங்குகிற ஆள் இல்லை அவள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் மாட்டாள்.

அப்போது ஆயி எழுந்தாள். பாரம் தூக்கக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. நாங்கள் பிடிக்கப் போவதற்குள் குனிந்து ரேணுகாவின் சட்டியைத் தூக்கிவிட்டாள். வாசல்வரை கொண்டுபோய் எல்லோரையும் பார்த்து நின்றாள். அதிகம் பேசாத ஆயி பேசினாள்.

"போன வருசம் இந்த வாசல்ல நான் வெளிய உக்காந்துருந்தேன். நீங்க அம்புட்டுப் பேரும் சிரிச்சீக. ஏன்னு கேட்டவ இவ ஒருத்திதான். கேட்டதுக்குத் தன் பேரையே குடுத்தா. முதல் பாரி இவ தலையில ஏறலைன்னா இன்னைக்கு ஒரு சட்டியும் இந்த வீட்டை விட்டு நகராது."

வீரபாண்டியன் மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள், அடியுங்கள் என்றார். ரேணுகா எழுந்து வந்தாள். கண் நிறைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. தலையைச் சற்றுத் தாழ்த்தினாள். ஆயி எம்பி அவள் சும்மாட்டில் பாரியை வைத்தாள். போன வருஷம் விட்ட குலவைக்கும் சேர்த்து நாங்கள் போட்டோம்.

ஊர்வலம் தெருவில் இறங்கி நாலு வீடு தாண்டியிருக்கும். ஒரு வீட்டு வாசலில், போன தைமாதம் கல்யாணமாகி வந்த மருமகள் கையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றாள். ரேணுகா நின்றாள். முதல் பாரி நின்றால் பின்னால் வரும் அத்தனை பாரியும் நிற்க வேண்டும். மேளம் தடுமாறி ஓய்ந்தது.

"ஏன்டீ வெளிய நிக்கிற? வழக்கமான நாளுதானா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்குள் ஓடவில்லை. வழக்கமானதுதான் அக்கா என்று சத்தமாகவே சொன்னாள்.

"சரி" என்றாள் ரேணுகா, தலையில் பாரி அசையாமல். பிறகு ஊருணியைப் பார்த்து நடந்தாள்.